ஞானக்கண்ணும் மணிலா அட்டையும்

பெர்மாஸ் ஜெயா வட்டார மண்டபத்தின் வாசலில் ஞாயிறு காலை எட்டு மணிக்கே கார் நிறுத்த இடமில்லை. கல்யாணம் என்று நினைத்து உள்ளே போனால் ஏமாந்துபோவீர்கள், சாப்பாடு கிடையாது. பிள்ளைகளின் இரண்டு கண்களைக் கட்டி மூன்றாவது கண்ணைத் திறந்துவிடும் வைபவம் அது. திறப்பவர் ‘மூளை மாமேதை’ கமலநாதன். யாருடைய மூளை என்று சுவரொட்டியில் போடவில்லை.

ஆறாம் ஆண்டுத் தேர்வை அரசாங்கம் ரத்து செய்துவிட்டதிலிருந்து நம் பெற்றோருக்கு எதை நினைத்துக் கவலைப்படுவது என்றே தெரியவில்லை. அந்தக் குறையைக் கமலநாதன் தீர்த்துவைத்தார். கண்ணைக் கட்டினாலும் பிள்ளை படிக்கும் என்றார். கண்ணைத் திறந்துகொண்டே படித்துவிட்டுப் போகட்டுமே என்று கேட்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

பாசிர் கூடாங் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து, சீருடையோடு வந்திருந்தார் பிரேமலா. அவருடைய மகள் லோஷினி நான்காம் ஆண்டு மாணவி. மேடையில் அவளுடைய மூக்குக் கண்ணாடியைக் கழற்றாமலேயே கறுப்புத் துணியைக் கட்டினார் கமலநாதன். மூக்குக்குக் கீழே ஓர் எழுத்தட்டையை நீட்டினார்.

“ழ,” என்றாள் லோஷினி.

சரியான விடை! மண்டபம் அதிர்ந்தது. பிரேமலா அழுதேவிட்டார்.

பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் திருச்செல்வம் ஒலிவாங்கியைப் பிடித்தார். “நம்ம ஸ்கூலுக்கும் இத கொண்டு வரலாம் லா! புதன்கிழமை டோரிஸ் டீச்சர் ஏதோ கேள்விப் பாடம்னு நடத்துறாங்க. பிள்ளைங்க கேட்டா பதில் சொல்லாம திருப்பிக் கேக்குறாங்க! அந்த நேரத்த நம்ம கமலநாதன் மாஸ்டருக்குக் குடுத்துடலாம். அடுத்த ஞாயிறு இங்கயே ஒப்பந்தத்துல கையெழுத்து!”

பலத்த கைதட்டல். டோரிஸ் டீச்சரின் பாடத்துக்கு இன்னும் ஒரு வாரம்தான் ஆயுள்.

அது என்ன பாடம்? வகுப்புச் சுவரில் யார் வேண்டுமானாலும் ஒரு கேள்வியை ஒட்டலாம். அறிவியலில் அதைச் சோதிப்பார்கள், கணிதத்தில் எண்ணுவார்கள், தமிழில் எழுதுவார்கள். கேன்டீனில் கறிபாப் பலகாரம் ஓய்வு நேரத்துக்கு முன்பே தீர்ந்துபோவது ஏன் என்று போன மாதம் ஆராய்ந்தார்கள். ஆசிரியர்கள் தின்றுவிடுகிறார்கள் என்று தெரிந்தது. ஆசிரியர் அறையில் சிலருக்கு இந்தப் பாடத்தின்மேல் அன்றிலிருந்தே கோபம்.

அந்தப் புதன்கிழமை லோஷினி ஒட்டிய கேள்வி: ‘ஞானக்கண்ணுக்கு மூக்குக் கண்ணாடி எதற்கு?’

“கண்ணாடியோட கட்டினப்ப எழுத்து தெளிவா இருந்துச்சி டீச்சர். வீட்டுல கண்ணாடி இல்லாம கட்டிப் பாத்தேன், மங்கலா இருந்துச்சி.”

“ஏன்னு நெனைக்கிற?”

“மூக்குப் பக்கம் இடைவெளி இருக்கு டீச்சர். அது வழியாத்தான் பாக்குறோம்.”

“மேடையிலயே ஏன் சொல்லல?”

“அம்மா சந்தோஷத்துல அழுதாங்க. எப்படி டீச்சர் சொல்றது?”

டோரிஸ் அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். ஆனாலும் பழக்கம் விடவில்லை. “சரி, இவ நெனைக்கிறது சரியான்னு எப்படிக் கண்டுபிடிக்கலாம்?” என்று வகுப்பைக் கேட்டார்.

அடுத்த ஞாயிறு. திருச்செல்வம் பேனாவைத் திறந்துவிட்டார். லோஷினி அகலமான, தடித்த மணிலா அட்டை ஒன்றோடு மேடை ஏறினாள்.

“சார், இத தாடைக்குக் கீழ பிடிச்சிக்கிறேன். எழுத்த இதுக்கு அடியில காட்டுங்க.”

கமலநாதனின் சிரிப்பு பாதியில் நின்றது. திருச்செல்வமோ துள்ளினார். “செய்யட்டும் மாஸ்டர்! ஞானக்கண்ணுக்கு இந்த அட்டை ஒரு தடையா?”

பத்து எழுத்துகள். லோஷினி ஒன்றையும் சரியாகச் சொல்லவில்லை.

“இந்தப் பிள்ள வேணும்னே தப்பா சொல்லுது!” என்றார் கமலநாதன்.

“அப்படின்னா என் மக ஷர்மினி வரட்டும்,” என்றார் திருச்செல்வம். ஷர்மினிதான் மாஸ்டரின் முதல் மாணவி. சுவரொட்டியில் படம்கூட உண்டு. அட்டை இல்லாமல் பத்துக்குப் பத்து. அட்டையோடு பூஜ்யம். வெண்பலகையில் கோடு போட்டு எண்ணிக்கொண்டிருந்த லோஷினியின் வகுப்புத் தோழன் பிராண்டன் உரக்க வாசித்தான்.

“அலமாக்!” என்று அதிர்ந்தார் திருச்செல்வம். பேனாவை மூடினார்.

பிரேமலா எழுந்தார். “மாஸ்டர், நீங்களே கட்டிக்கிட்டுப் படிங்களேன்.”

“கேள்வி கேட்டா அதிர்வு கெட்டுடும்மா,” என்றபடியே கமலநாதன் வாசலுக்கு நடையைக் கட்டினார். கார் சாவியைத் தேட இரண்டு கண்களையும்தான் பயன்படுத்தினார்.

பிரேமலா மகளைப் பிடித்துக்கொண்டார். “எங்கிட்ட சொல்லியிருக்கலாமேடி?”

“நீங்க கேக்கவே இல்லயேம்மா.”

மறுபுதன், இரவு ஷிப்ட் முடிந்த கையோடு பிரேமலா பள்ளிக்கு வந்தார். ‘இத்தனை பேர் எப்படி ஏமாந்தோம்?’ என்று எழுதிச் சுவரில் ஒட்டினார். டோரிஸ் டீச்சர் பதில் சொன்னாரா? அவரா சொல்வார்! “எப்படிக் கண்டுபிடிக்கலாம்?” என்று திருப்பிக் கேட்டார்.

கமலநாதன் இப்போது தம்போய் பக்கம் சுவரொட்டி ஒட்டுவதாகக் கேள்வி. உங்கள் பேட்டைக்கும் வருவார். அதற்குள் ஒரு மணிலா அட்டை வாங்கி வையுங்கள். எழுதுபொருள் கடையில் கிடைக்கும். கேள்வியை மட்டும் எந்தக் கடையிலும் விற்பதில்லை. அதை நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.