பள்ளத்தாக்குக்குக் கீழே ஒரு வகுப்பு

மாணவர்களை அவரவர் திறமைக்கேற்பப் பிரிப்பதென்று அந்தப் பள்ளி நிர்வாகம் ஏகமனதாகத் தீர்மானித்தது. உயர்வு தாழ்வு எண்ணம் யார் மனத்திலும் தலைதூக்கக் கூடாதல்லவா? ஆகவே பிரிவுகளுக்குச் சிகரம், சமவெளி, பள்ளத்தாக்கு என்று இயற்கை எழில் கொஞ்சும் பெயர்களைச் சூட்டினார்கள்.

தையல்காரியின் மகளுக்குப் பள்ளத்தாக்கு கிடைத்தது. பிரிக்கிற அன்று, "ஏழெட்டு எவ்வளவு?" என்று கேட்டவரிடம், "உங்களுக்குத் தெரியாதா சார்?" என்று கேட்டுவைத்தாள். புரிதல் குறைவு என்று முடிவாயிற்று.

மேல்படிப்புக்குச் சிகரத்துப் பிள்ளைகளை மட்டுமே அனுப்புவார்களாம். செய்தி காதில் விழுந்ததும் தையல்காரி பாதி தைத்த ரவிக்கையை அப்படியே போட்டுவிட்டுத் தலைமையாசிரியரிடம் ஓடினாள்.

"சார், எம்பொண்ணு பரீட்சையில நாற்பதுக்கு நாற்பது வாங்கியிருக்கா. மேல தூக்கிப் போடுங்க."

"ரொம்ப சந்தோஷம்மா. ஆனா மேல வரணும்னா அறுபது எடுக்கணும்."

"கேள்வித்தாளே நாற்பதுக்குத்தானே சார் குடுத்தீங்க?"

"பள்ளத்தாக்குக்கு அவ்வளவுதான். பிஞ்சு மனசு, பயந்துடக் கூடாது பாருங்க."

"அப்புறம் நாற்பதுக்கு அறுபது எப்படி சார் எடுக்கிறது?"

தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றிக் கனிவோடு சொன்னார்: "அப்படி எடுக்கிற பிள்ளையைத்தாம்மா நாங்க தேடிக்கிட்டிருக்கோம்."

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தன. அந்த வேகத்தில் பள்ளத்தாக்குப் பெற்றோர் வீடு ஒன்றுவிடாமல் ஏறி இறங்கினாள். மறுநாள் பள்ளி வாசலில் கூட்டம் நெரிந்தது. "எங்க பிள்ளைங்க என்ன கடைசியா?" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். அவர்களில் ஒருவரான ரொட்டிக்கடைக்காரர் கத்திய கத்தலில் சிகரத்திலேயே பாடம் நின்றுபோனது.

நிர்வாகம் அவசரமாகக் கூடி, கோரிக்கையின் நியாயத்தைப் பரிவுடன் பரிசீலித்தது. உடைந்த பெஞ்சுகள் கிடந்த அறையைக் காலிசெய்து, பள்ளத்தாக்குக்கும் கீழே 'ஆழ்கடல்' என்றொரு பிரிவைத் திறந்தது. கரும்பலகை வந்தது. தனியாக ஓர் ஆசிரியரும் வந்தார். சேர்ப்பதற்குத்தான் பிள்ளை யாரும் இல்லை.

"இனிமே உங்க பிள்ளைங்க கடைசி இல்ல," என்று தலைமையாசிரியர் அறிவித்தார். கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. அறுபது மதிப்பெண் சமாச்சாரத்தை யாரும் கேட்கவில்லை. தையல்காரிகூடக் கேட்கவில்லை. ரொட்டிக்கடைக்காரர் கையைக் குலுக்க, வென்றுவிட்ட பூரிப்போடு வீடு திரும்பினாள்.

மறுநாள் காலை மகளுக்குத் தலை பின்னிவிடும்போது அவள் கண்டிப்பாகச் சொன்னாள்: "அந்த ஆழ்கடல் பசங்களோட சேர்ந்து சுத்தினே, காலை ஒடிச்சுடுவேன்."

"அங்க யாருமே இல்லையேம்மா. வாத்தியார் மட்டும் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கிட்டிருக்காரு."

தையல்காரி பின்னலை இன்னும் கொஞ்சம் இறுக்கினாள்.

"இன்னிக்கு இல்லைன்னா நாளைக்கு வருவாங்க. நீ இப்பவே தள்ளி நின்னு பழகிக்கோ."