வாகனமே வராத ரோட்டுக்குப் போன பஸ் டிரைவர்

கிரவல் அக்கா அளவுக்குக் கார்களை வெறுத்த ஜீவன் ஆக்லாந்தில் வேறொன்று இருக்க முடியாது. காரைத் துரத்துகிற நாய்கூடக் கொஞ்ச தூரம் ஓடிவிட்டு அலுத்துப்போய்ப் படுத்துக்கொள்ளும். அக்காவுக்கு அலுப்பே கிடையாது. இத்தனைக்கும் அவருடைய வேலை, ஒடாஹுஹு பக்கம் நகரப் பேருந்து ஓட்டுவது. தினம் எட்டு மணி நேரம் கார்களுக்கு நடுவில் உட்கார்ந்து அவற்றைத் தமிழில் திட்டச் சம்பளம் வாங்கும் ஒரே பெண்மணி அவராகத்தான் இருக்க வேண்டும்.

எனக்கு அவர் அறிமுகமானதே அந்தப் பேருந்தில்தான். ஒரு சனிக்கிழமை, முன் இருக்கையில் உட்கார்ந்து திருச்சியிலிருக்கும் என் தங்கையிடம் போனில் கத்தரிக்காய்க் குழம்பு பற்றி விவாதித்துக்கொண்டிருந்தேன். இறங்கும்போது, கண்ணாடிக் கதவுக்குப் பின்னாலிருந்து ஓட்டுநர் குரல் கொடுத்தார்.

"பிள்ளை, உமது தங்கச்சி சொல்லுறதுதான் சரி. அதுக்குப் பழப்புளி கனக்க விடாதையும்."

திரும்பிப் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும். சீருடை, குட்டை முடி, கழுத்தில் செபமாலை, முழங்கையில் ஆறிப்போன பெரிய சிராய்ப்பு. மன்னார்க்காரர் என்பதும், பாபடோயிட்டோயில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் வீடு என்பதும் பிறகு தெரிந்தது. அந்தச் சிராய்ப்பைப் பற்றிக் கேட்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

"கிரவல்," என்றார், குழந்தையின் பெயரைச் சொல்வதுபோல. "தார் ரோட்டெண்டால் கார் வரும். கிரவல் ரோட்டில காத்து மட்டும்தான் வரும். நீர் சைக்கிள் ஓடுவீரோ?"

பின்னால் பதினைந்து பேர் இறங்கக் காத்திருந்தார்கள். அக்கா அவர்களைக் கண்டுகொள்ளவில்லை.

இங்குள்ள தமிழர்களில் பாதிப் பேருக்கு அவருடைய நிஜப் பெயர் தெரியாது. கிரவல் என்கிற சரளைக்கல் பாதையில் ஓட்டுவதற்கென்றே தடித்த டயர் போட்ட ஒரு சைக்கிள் வைத்திருந்தார். எங்கே கூட்டம் கூடினாலும் அதைப் பற்றித்தான் கதைப்பார். அதனால் கிரவல் அக்கா. ஞாயிறு பூசைக்குச் சேலை கட்டிக்கொண்டு அந்தச் சைக்கிளில்தான் வருவார். முதுகில் கோடாகச் சேறு தெறித்திருக்கும். ஒரு முறை விசுவாசிகளின் மன்றாட்டு நேரத்தில் எழுந்து நின்று, உலகத்தில் பெட்ரோல் சீக்கிரம் தீர்ந்துபோக வேண்டுமென்று ஆண்டவரை மன்றாடினார். பழக்கதோஷத்தில் சபையும், "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சொல்லிவிட்டது. வெளியே வந்து எல்லோரும் அவரவர் காரில் ஏறினோம்.

இப்படிப்பட்டவரைக் கட்டிக்கொண்டவர் ஒரு டிரைவிங் மாஸ்டர். ஜோசப் அண்ணன் சாது. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். அக்காவைப் பொறுத்தவரை அது பச்சைத் துரோகம்.

"இந்த மனுசன் மாசம் பத்துப் பேரை ரோட்டுக்கு விடுறார். அவையளை நான் பஸ்ஸோட நிண்டு சமாளிக்கவேணும்," என்பார்.

ஜோசப் அண்ணன் தேநீரை ஊதிக் குடித்தபடி, "போன மாசம் எட்டுப் பேர்தான் பாஸ்," என்பார்.

அக்காவுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு லட்சியம். நாட்டின் தென்தீவில், தெற்கு ஆல்ப்ஸ் மலைகளுக்கு நடுவே ஒரு கிரவல் பாதை இருக்கிறது. மூன்று நாள் சைக்கிள் பயணம். பொதுவாகனங்களுக்கு அனுமதியில்லை, இரண்டு முனையிலும் கேட் போட்டுப் பூட்டியிருப்பார்கள். பண்ணைக்காரர்களின் வண்டி மட்டும் எப்போதாவது போகும். அந்தப் பாதையை, ஒரு வாகனத்தையும் கண்ணால் காணாமல் முழுசாக ஓட்டி முடிக்க வேண்டும். அதுதான் லட்சியம். நான்கு வருடமாக முயன்றும் நடக்கவில்லை. முதல் வருடம் ஒரு டிராக்டர். இரண்டாம் வருடம் ரோடு சமப்படுத்துகிற இயந்திரம். மூன்றாம் வருடம், எப்படியோ வழிதவறி உள்ளே வந்துவிட்ட ஒரு தேனிலவுத் தம்பதியின் வேன். அவர்கள் வழி கேட்டதற்கு அக்கா பதிலே சொல்லவில்லையாம். நான்காம் வருடம் ஹெலிகாப்டர். வானத்தில் போவது வாகனமா இல்லையா என்று ஒரு மாதம் யோசித்து, கடைசியில் தனக்குத்தானே எதிராகத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டார்.

"இஞ்சின் இருந்தது. எண்ணத்தான் வேணும்."

ஐந்தாவது முயற்சிக்குத் துணை தேவைப்பட்டது. சிக்கியது நான். "உனக்கு ஸ்கூட்டியே ஒழுங்கா ஓட்ட வராதே," என்றார் என் கணவர். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே சம்மதித்தேன். ஒரு மைதானத்தின் சரளைக்கல் வாகன நிறுத்தத்தில் எட்டு வாரம் பயிற்சி. நான் பிரேக்கை அழுத்தும்போதெல்லாம், "பஸ்ஸில கிழவியள் நிண்டுகொண்டு வாறதா நினையும், மெதுவாப் பிடியும்," என்று கத்துவார். கற்பனைக் கிழவிகளை நான் எத்தனையோ தடவை விழுத்தாட்டினேன்.

டிசம்பரில், அங்கே கோடை தொடங்கியதும், கிளம்பினோம். விமானத்தில் இறங்கி, அங்கிருந்து மலையடிவாரம் வரை ஒரு வேன். அதில் அக்கா கண்ணை மூடிக்கொண்டே வந்தார். பூட்டிய கேட்டைத் தாண்டிச் சைக்கிள்களைத் தூக்கிவைத்ததும்தான் கண்ணைத் திறந்தார்.

எதிரே பொன்நிறப் புல், அதற்கு மேல் சாம்பல் பாறை, அதற்கும் மேல் கோடையிலும் கரையாத பனி. நடுவில் வெள்ளைக் கோடாக ஒரு பாதை. அதில் எங்களைத் தவிர யாருமில்லை. அக்கா சத்தமில்லாமல் சிலுவை போட்டுக்கொண்டார்.

இந்த இடத்தில் அவர் சுதந்திரப் பறவையாகப் பறந்திருப்பார் என்றுதானே நினைப்பீர்கள். இல்லை. வாகனமே இல்லாத அந்த ரோட்டில் அக்கா அத்தனை சாலை விதிகளையும் கடைப்பிடித்தார். இடது ஓரமாகவே ஓட்டினார். திரும்பும்போது கை காட்டினார். ஆளில்லாத வளைவுகளில் மணி அடித்தார். செம்மறிக் கூட்டம் குறுக்கே வந்தால் நிறுத்தி, கடைசி ஆடு போகும்வரை பொறுமையாக நின்றார். பண்ணை கேட்டுகளைக் கடந்ததும் திரும்ப மூடியாக வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். நான் ஒன்றைச் சரியாகக் கொக்கி மாட்டாமல் விட்டதற்காக ஒன்றரைக் கிலோமீட்டர் திரும்பிப் போகவைத்தார்.

"அக்கா, இங்க யாரு பாக்கப் போறாங்க?"

"ஆடு பார்க்குது."

தாமதம் அவருக்கு ஆகாது. பத்து இருபதுக்கு ஓடை, பதினொன்று ஐந்துக்கு மரப்பாலம் என்று அட்டவணை போட்டு வைத்திருந்தார். முன்கூட்டியே போய்ச் சேர்ந்தால் அதுவும் குற்றம். நேரம் வரும்வரை பாலத்தில் காத்து நின்றோம். நான் பசி தாங்காமல் பிஸ்கட்டைப் பிரித்தால், "அடுத்த தரிப்பில," என்பார், பஸ் நிறுத்தத்தைச் சொல்வதுபோல.

கணவாயின் உச்சியில் உட்கார்ந்து அக்கா கட்டிக்கொண்டு வந்திருந்த புட்டையும் மாசிச் சம்பலையும் சாப்பிட்டோம். அப்போது கியா என்கிற பச்சை மலைக்கிளிகள் இரண்டு வந்தன. அவை பார்க்கத்தான் கிளி, குணத்தில் ரௌடி. ஒன்று எங்கள் முன்னால் நடந்து காட்டியது. அதை நாங்கள் ரசித்துக்கொண்டிருந்தபோது மற்றது என் சைக்கிள் சீட்டைக் கிழித்துப் பஞ்சை உருவிக்கொண்டிருந்தது. நான் கல்லைத் தேடினேன். அக்கா தடுத்துவிட்டார்.

"விடும். அது நடந்துதானே வந்தது. கார் கொண்டு வரேல்லை."

மீதி தூரத்தை நான் அரை சீட்டில் உட்கார்ந்து ஓட்டினேன்.

மூன்றாம் நாள் மதியம். இன்னும் பதினொரு கிலோமீட்டர் இருந்தது. டிராக்டர் இல்லை, ஹெலிகாப்டர் இல்லை, ஒரு மோட்டார் சத்தம்கூட இல்லை. அக்கா பேச்சை நிறுத்திவிட்டார். பேசினால் கண்பட்டுவிடும் என்பதுபோல உதட்டைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். மலைக்கு அந்தப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. குளிர் காற்றோடு ஆலங்கட்டி போல மழை இறங்கத் தொடங்கியபோது, ஒரு சரிவில் நான் முன் பிரேக்கை மட்டும் பிடித்தேன்.

விழுந்தது நினைவில்லை. விழுந்த பிறகு இடது தோளில் ஏதோ இடம் மாறியிருந்தது நன்றாக நினைவிருக்கிறது. காறையெலும்பு முறிந்திருந்தது. அக்கா சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். போனைப் பார்த்தார், சிக்னல் இல்லை. பையிலிருந்த உதிரி டியூப்பை எடுத்து என் கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டினார். தன் மழைக்கோட்டைக் கழற்றி என்மேல் போட்டார். வாய் செபத்தை நிறுத்தவேயில்லை.

"கீழ ஒரு பண்ணை வீடு இருக்கு. நான் போய்ட்டு வாறன். நித்திரை கொள்ளாதையும். விளங்குதே? பாட்டுப் பாடும்."

"அக்கா, எனக்குப் பாட வராது."

"ஓம், தெரியும். அதால நித்திரையும் வராது."

போய்விட்டார். இந்த முறை கை காட்டவில்லை, வளைவில் மணி அடிக்கவில்லை. மழையில் ஒரு பாறையோரம் ஒண்டிக்கொண்டு, பல் கிட்ட, எனக்குத் தெரிந்த எல்லாப் பாட்டின் முதல் இரண்டு வரிகளையும் பாடினேன். விரல்கள் மரத்துப்போயின. ஒரு கட்டத்தில் குளிர்வது நின்று, கண்ணை மூடினால் சுகமாக இருக்கும் போலிருந்தது. அதுதான் ஆபத்தான நேரம் என்று மருத்துவமனையில் பிறகு சொன்னார்கள். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. டீசல் இஞ்சின். என் வாழ்நாளில் அதைவிட இனிமையான இசையைக் கேட்டதில்லை.

பண்ணைக்காரப் பெண்மணி ஒருவர் வண்டியை ஓட்டிவந்தார். பக்கத்தில், முன் சீட்டில், தொப்பலாக நனைந்த கிரவல் அக்கா. "இன்னும் வேகமா, இன்னும் வேகமா" என்று ஆங்கிலத்தில் அவரை விரட்டிக்கொண்டே வந்திருக்கிறார். உங்கள் தோழி வழியில் நான்கு கேட்டுகளைத் திறந்து போட்டுவிட்டு வந்தார், என் ஆடுகளெல்லாம் இடம் மாறிவிட்டன என்று அந்தப் பெண்மணி சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. என் கையைத் தேய்த்துச் சூடேற்றிக்கொண்டிருந்தார்.

வண்டி குலுங்கியபோது, வலியை மறக்க ஏதாவது பேச வேண்டுமென்று வாயைத் திறந்தேன். "அக்கா, என்னால உங்க அஞ்சாவது வருஷமும் போச்சே."

"வாயை மூடும் பிள்ளை."

சிறிய ஊர் மருத்துவமனையில் எனக்கு எக்ஸ்ரே எடுத்து முடித்ததும் அக்கா ஜோசப் அண்ணனுக்குப் போன் செய்தார். திரைக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.

"ஓம், சுகமா இருக்கிறா. எலும்புதான்... ஓம், ஒண்டு வந்தது." மறுமுனையில் அண்ணன் ஏதோ கேட்டார். "இல்லையப்பா, அதுவா வரேல்லை. நான்தான் கூப்பிட்டனான்."

ஆக்லாந்து திரும்பியதும் ஆறு வாரம் நான் கார் ஓட்டக்கூடாது என்றார்கள். என் அலுவலகம் ஆல்பனியில். பாபடோயிட்டோயிலிருந்து நகரத்தின் அடுத்த கோடி. கணவருக்கு விமான நிலையத்தில் அதிகாலை வேலை. பேருந்திலேயே போய்க்கொள்கிறேன் என்றேன். அக்கா சம்மதிக்கவில்லை.

"எங்கட டிரைவர்மார் பிரேக் அடிக்கிற அடியில உம்மட மற்றத் தோளும் போயிடும்."

தன் வேலையைப் பிற்பகல் ஷிஃப்டுக்கு மாற்றிக்கொண்டார்; மாலையில் என்னைத் திரும்பக் கூட்டிவருவது கணவர் பொறுப்பு. மறுநாள் காலை ஏழு மணிக்கு வாசலில் ஜோசப் அண்ணனின் கார் நின்றது. ஸ்டியரிங்கில் அக்கா. வலது பக்கம் வந்தவனை, இடது பக்கம் நுழைந்தவனை, துறைமுகப் பாலத்தின் மேல் நின்றுகொண்டிருந்த அத்தனை பேரையும் மன்னார்த் தமிழில் வரிசையாக வைதுகொண்டே ஓட்டினார். நான் குற்ற உணர்ச்சியோடு, "அக்கா, நாளைலேர்ந்து நானே பாத்துக்கறேன்," என்பேன். "கதைக்காதையும், ரோட்டைப் பார்க்கவேணும்," என்பார். மறுநாள் ஏழு மணிக்கு மறுபடி நிற்பார்.

ஆறு வாரமும் அந்த நெரிசலில் ஊர்ந்து போனோம். அவர் திட்டாத ஆளில்லை. ஆனால் அத்தனை நாளில் ஒரு முறைகூட, என் தோள் அசையும்படி அவர் பிரேக் பிடிக்கவில்லை.