குடும்பத்துக்குள் ஒரு கியர்பாக்ஸ்

டிரைவிங் ஸ்கூல் நடத்த ஒரு கார் வேண்டும் என்பதையும், அந்தக் கார் முன்னோக்கிச் செல்வது நல்லது என்பதையும் அறிஞர் பெருமக்கள் மறுக்க மாட்டார்கள். மாஸ்டரின் கார் வாரண்டி இருந்தவரை முன்னோக்கித்தான் சென்றது. வாரண்டி முடிந்த கையோடு, கடமை முடிந்தது என்று கியர்பாக்ஸ் ஓய்வெடுத்துக்கொண்டது. ரிவர்ஸ் மட்டும் விழுந்தது.

இருப்பதே அந்த ஒரு கார்தான். அது படுத்துவிட்டால் பிழைப்பில் மண். கற்றுக்கொள்ள வந்தவர்கள் ஒவ்வொருவராக எதிர்வரிசை ஸ்கூலுக்கு நழுவினார்கள். டெய்லரக்கா ஒருத்திதான் போகவில்லை, முன்பணம் கட்டியிருந்தாள்.

"வாரண்டி முடிஞ்சாலும் கம்பெனி மனசு வச்சா சும்மாவே மாத்திக் கொடுக்குமாம். நல்லெண்ணப் பிரிவுன்னே தனியா இருக்காம். போய்க் கேட்டுத்தான் பாருங்களேன்" என்றாள் மனைவி.

போனார். ஊருக்கு நடுவே, முழுத் தூரமும் ரிவர்ஸில். போய்ச் சேர்ந்தபோது கழுத்து சுளுக்கிக்கொண்டு பின்பக்கமே பார்த்தது.

நல்லெண்ண அதிகாரியின் அறையில் பஞ்சு சோபாவும் பிளாஸ்டிக் செடியும், "நீங்கள் வாடிக்கையாளர் அல்ல, குடும்பம்" என்ற பலகையும் இருந்தன.

"சார், நம்ம கியர்பாக்ஸ்..."

"சார் எதுக்குண்ணே? தம்பின்னு கூப்பிடுங்க. இப்ப எல்லாக் கம்பெனியிலயும் இதுதான் நடைமுறை."

"சரி தம்பி. வாரண்டி முடிஞ்சுபோச்சு, ஆனா..."

"என்னண்ணே இது. குடும்பத்துக்குள்ள வாரண்டி பேசலாமா?"

மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்போ மாத்திக் கொடுத்துடுவீங்களா?"

"அது நல்லெண்ணத்தைப் பொறுத்தது."

"உங்க நல்லெண்ணத்தையா?"

"உங்களோடது. எங்க மேல அது எவ்வளவு இருக்கோ, அதுக்கேத்தபடி நாங்க திருப்பிச் செய்வோம். நீங்க என்னடான்னா உள்ள வரும்போதே மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு வந்தீங்க."

"அது சுளுக்கு தம்பி."

"எங்க, கொஞ்சம் சிரிங்க பார்ப்போம்."

சிரித்தார். மனசிலிருந்து வரவில்லை என்று அதிகாரி வருத்தத்துடன் தீர்ப்பளித்தார். மேலும் சில முறை நேரில் வந்து சிரித்துக் காட்டுமாறு கேட்டுக்கொள்ளப்பட்டது.

"சொந்தம்னா சொன்னான்?" என்றாள் வீட்டில் மனைவி. "அப்போ ஒண்ணும் பேராது. எங்க அண்ணன்கிட்ட இருந்து இதுவரைக்கும் என்னத்தைக் கண்டோம்?"

ஆனாலும் மாஸ்டர் விடவில்லை. ரிவர்ஸிலேயே போவார், சிரிப்பார், ரிவர்ஸிலேயே திரும்புவார். தாடை வலித்தது. கடைசியில் ஒருநாள் அதிகாரியே எழுந்து வந்து கட்டிக்கொண்டார்.

"மேலிடம் ஒத்துக்கிச்சுண்ணே. ஆனா பழுதான பாகத்துக்குத்தான் நல்லெண்ணம் பொருந்தும். ரிவர்ஸ் நல்லா இருக்குன்னு நீங்களே ஒவ்வொரு தடவையும் ஓட்டிக் காட்டிட்டீங்க. அதை மாத்த முடியாது."

புதிய கியர்பாக்ஸ் பொருத்தப்பட்டது. அதில் முன்னோக்கிச் செல்லும் கியர்கள் எல்லாம் இருந்தன, ரிவர்ஸ் மட்டும் இல்லை. பழைய ரிவர்ஸைத் துடைத்து, அட்டைப்பெட்டியில் போட்டு, ரிப்பன் கட்டிப் பின்சீட்டில் வைத்திருந்தார்கள். அது அவருடைய சொத்தல்லவா?

மாஸ்டர் இடிந்துபோனார். அவரைக் கைதூக்கிவிட்டது டெய்லரக்காதான். "பின்னால போகாத ஸ்கூல்னு போர்டு வைங்க மாஸ்டர். இப்ப அந்த மாதிரி பேசினாத்தான் ஜனங்களுக்குப் பிடிக்குது."

"பின்னோக்கிப் பாராதே! முன்னேற்ற டிரைவிங் ஸ்கூல்" என்று போர்டு ஏறியது. கூட்டம் அள்ளியது. எதிர்வரிசை ஸ்கூல்காரர் போட்டி தாங்காமல் தன் காரிலும் ரிவர்ஸைக் கழற்றிவிட்டார். லைசென்ஸ் அதிகாரியும் காலத்துக்கேற்ப மாற வேண்டுமல்லவா? ரிவர்ஸ் தேர்வு மனத்தைத் தளரச் செய்கிறது என்று கண்டுபிடித்து அதை ரத்து செய்தார். ஊரே பாஸ்.

பிறகு ஒருநாள் கடைத்தெருவில் டெய்லரக்காவின் காரும் நல்லெண்ண அதிகாரியின் காரும் மூக்கோடு மூக்கு முட்டி நின்றன. இரண்டு பக்கமும் வண்டிகள் சேர்ந்துவிட்டன. அக்காவுக்குப் பின்னால் தன் காரில் மாஸ்டர்.

"அண்ணே, இவங்களைக் கொஞ்சம் பின்னால எடுக்கச் சொல்லுங்க" என்றார் அதிகாரி.

"அது பாடத்துல இல்லையே" என்றாள் அக்கா.

"நீங்களே எடுக்கலாமே தம்பி" என்றார் மாஸ்டர்.

அதிகாரி தொண்டையைச் செருமினார். "போன மாசம் என் வண்டிக்கும் கம்பெனிதான் நல்லெண்ணத்துல மாத்திக் கொடுத்துச்சு." அவருடைய பின்சீட்டிலும் ரிப்பன் கட்டிய பெட்டி இருந்தது.

எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள். முக்கி முனகித் தள்ளத் தெரியாமல் தள்ளி, தெரு திறக்கப் பொழுது சாய்ந்துவிட்டது.

மறுநாள் போர்டில் ஒரு வரி கூடியிருந்தது: "கார் தள்ளவும் முறைப்படி கற்றுத் தரப்படும், கட்டணம் தனி." முதலில் வந்து சேர்ந்தவர் நல்லெண்ண அதிகாரிதான்.

"அண்ணே, நமக்குக் கொஞ்சம் பார்த்துப் போடக்கூடாதா?"

மாஸ்டர் பஞ்சு சோபாவைக் காட்டினார். புதிதாக வாங்கியது.

"என்ன தம்பி இது, குடும்பத்துக்குள்ள பேரம் பேசலாமா? முதல்ல உட்கார்ந்து கொஞ்சம் சிரிங்க பார்ப்போம்."