முப்பத்து நாலும் பதினாறும்

"உனக்கு முப்பத்து நாலு. எனக்கு வெறும் பதினாறு!" என்று கொரோனா பரிசோதனை முடிவை மனைவியிடம் நீட்டினார் கணக்கு வாத்தியார். "உன் உடம்புல என்னைவிட ரெண்டு மடங்குக்கு மேல வைரஸ்!"

மனைவி பதில் சொல்லியிருப்பாள். இருமல் விட்டால்தானே. வாத்தியாருக்கோ ஒரு தும்மல்கூட இல்லை. கணக்கு கச்சிதமாகப் பொருந்தியது.

அவர் பதறியதெல்லாம் மாமனாருக்காக. மகளைப் பார்க்கப் பத்து நாளைக்கு முன் ஊரிலிருந்து வந்திருக்கும் மனிதர். ஆஸ்துமா வேறு. நாலு படி ஏறினாலே நெஞ்சு விசிலடிக்கும்.

மனைவியைப் பின்பக்க அறைக்கு அனுப்பினார். இருமல் அங்கிருந்தும் கேட்டது. அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மாமனாரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து தன் கட்டிலிலேயே படுக்க வைத்தார். காற்றோடு வந்துவிடுமோ என்று ஜன்னலைச் சாத்தினார். கதவிடுக்கில் துண்டைத் திணித்தார்.

புழுக்கத்தில் மாமனாருக்கு மூச்சு வாங்கியது. வாத்தியார் ஒட்டி உட்கார்ந்து பரீட்சை அட்டையால் விசிறினார்.

"மாப்ளே, ஜன்னலையாவது திறங்களேன்."

"நான் இருக்கிற வரைக்கும் உங்ககிட்ட ஒரு கிருமி நெருங்காது மாமா!" என்று அவர் முகத்துக்கு நேரே முழங்கினார்.

பின்பக்கம் இருமல் வலுத்தது. பரிசோதனைக் கூடத்துக்குப் போன் போட்டார்.

"எனக்குப் பதினாறு, என் மனைவிக்கு முப்பத்து நாலு. அவளை ஆஸ்பத்திரியில சேர்க்கணுமாம்மா?"

"அது வைரஸோட எண்ணிக்கை இல்ல சார்," என்றாள் அங்கிருந்த பெண். "மெஷின் எத்தனையாவது சுத்துல வைரஸைப் பிடிச்சுதுங்கிற கணக்கு. நிறைய இருந்தா சீக்கிரமே மாட்டிக்கும். எக்கச்சக்கமா இருக்கிறது உங்களுக்குத்தான்."

"எனக்கு ஒண்ணுமே பண்ணலையேம்மா!"

"வைரஸ் அளவுக்கும் அவஸ்தைக்கும் நேர்க்கணக்கு கிடையாது சார். வைரஸ் குறைஞ்ச பிறகும் நுரையீரல் படுத்தும். அவங்களுக்கு மூச்சு முட்டினா உடனே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. நீங்க மட்டும் யார் பக்கத்துலயும் போயிடாதீங்க."

வாத்தியார் கட்டிலிலிருந்து துள்ளிக் குதித்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டார். கையிலிருந்த அட்டை எங்கேயோ பறந்தது.

"மாமா! மன்னிச்சிடுங்க! பாவி, நானே உங்களுக்குக் கொடுத்துட்டேனே!"

மாமனார் நிதானமாக எழுந்து, ஜன்னலைத் திறந்து, ஆசை தீர மூச்சு இழுத்தார்.

"நீங்க எங்க மாப்ளே கொடுத்தீங்க, வரும்போதே நான்தான் கொண்டுவந்தேன், சொன்னா உள்ளே விடமாட்டீங்களேன்னு வாயைத் திறக்கல."