என் வரிக் குறியீட்டில் ஏறிக்கொண்ட அமரர் ஊர்தி

ஹாலிஃபாக்ஸ்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புத் தங்கை கில்லியனுக்கு,

அண்ணன் கிளைவ் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணி மாரீனும் சௌக்கியம். மழையும் சௌக்கியமாகப் பெய்துகொண்டிருக்கிறது. விட்பியில் நீயும் மாப்பிள்ளை ரஸ்ஸலும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வரும் சனிக்கிழமை சர்ச்சில் உன் கையைப் பிடித்து அழைத்துப்போக என் கறுப்பு சூட்டுக்கு இஸ்திரி போட்டாயிற்று. வேலைக்குப் போடுவதும் அதே சூட்தான், டை மட்டும் வேறு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அப்பா இல்லாத குறை தெரியக் கூடாது, கல்யாண விருந்து என் செலவு என்று ஈஸ்டர் அன்று எல்லோர் முன்னாலும் மார்தட்டினேன் அல்லவா, அந்த விருந்து கைநழுவிப் போகப் பார்த்தது. உன்னிடம் மூச்சு விடவில்லை. சொன்னால், "பரவாயில்லண்ணா, ஆளுக்கு ரெண்டு சாண்ட்விச் போதும்" என்பாய். அதை என்னால் தாங்க முடியாது. இப்போது எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டதால் தைரியமாக எழுதுகிறேன்.

ஓல்ட்ராய்ட் கம்பெனியில் நான் அமரர் ஊர்தி ஓட்டுவது உனக்குத் தெரியும். ஜனவரிக் காற்றில் அவர்களுடைய கொட்டகைக் கூரை பறந்துபோக, முதலாளி, "கிளைவ், உன் வீட்டு கராஜ் பெருசுதானே, கூரை போடுற வரைக்கும் வண்டி அங்கயே நிக்கட்டும்ப்பா" என்றார். சரி என்று கொண்டுவந்து நிறுத்தினால், அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டு பிரெண்டா கண்ணில் நீரும் கையில் ஒரு பாத்திரம் ஆட்டுக்கறியுமாக வந்து கதவைத் தட்ட, நான் போய்த் திறக்க, "ஐயோ, நீங்க இல்லையா? அப்போ மாரீனா?" என்று அவள் அலற, மாடியிலிருந்து மாரீன், "யாருங்க அது?" என்று கேட்க, பிரெண்டா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கறி நன்றாக இருந்தது. கூரைதான் இன்னும் போட்டபாடில்லை.

வண்டி நிற்பதில் ஒரு தொந்தரவும் இல்லை. தொந்தரவு முதலாளியின் மகள் பெவர்லியிடமிருந்து வந்தது. கணக்கு வழக்கை இந்த வருஷம் அவள் கையில் எடுத்துக்கொண்டாள். நல்ல பெண், ஆனால் எதையும் விடமாட்டாள். கம்பெனி கார் ஒன்று ஓட்டுநர் வீட்டில் நிற்கிறதா, அப்படியானால் அது அவனுக்குக் கொடுத்த சலுகை, சம்பளம் மாதிரி அதற்கும் வரி உண்டு என்று வரி அலுவலகத்துக்கு எழுதிப்போட்டுவிட்டாள். வண்டி விலை எவ்வளவு என்று எழுதியவள், அது என்ன வண்டி என்று எழுதவில்லை. விளைவு, ஊரிலேயே மிக நீளமான சொகுசுக் காரில் நானும் மாரீனும் உல்லாசமாகச் சுற்றுகிறோம் என்று அரசாங்கம் நம்பிவிட்டது.

பிறகு ஒருநாள் தபாலில், சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிப்பது என்று சொல்லும் என் புது வரிக் குறியீடு வந்தது. எத்தனையோ பேரைப் போல எனக்கும் 1257L என்றுதான் இருந்தது. அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு பூஜ்யம் போட்டால், வருஷத்தில் அவ்வளவு பவுண்டுக்கு வரி கிடையாது. இது எனக்கே தெரியும். புதுசு K2443. பார்த்ததும் என்ன நினைத்திருப்பேன் சொல்லு? எண் பெரிசாகிவிட்டது, அப்படியானால் வரியில்லாத பணமும் பெரிசாகிவிட்டது, நாற்பது வருஷம் ஒழுங்காக உழைத்தவனை அரசாங்கம் கவனித்திருக்கிறது! நேரே பப்புக்குப் போய், இருந்தவர்களுக்கெல்லாம் ஒரு சுற்று பீர் வாங்கிக் கொடுத்தேன். பரம விரோதி டென்னிஸுக்கும் கொடுத்தேன். அவன் அன்றைக்கென்று பெரிய டம்ளராகக் கேட்டான்.

மாதக் கடைசியில் சம்பளம் வந்தது, ஏறக்குறைய பாதி. மாரீன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தத் தபாலின் இரண்டாம் பக்கத்தைப் படித்தாள். நான் முதல் பக்கத்தோடு கொண்டாடக் கிளம்பியவன். "ஏங்க, முன்னால K போட்டிருந்தா எல்லாம் தலைகீழாமே! அந்த எண்ணு உங்களுக்குக் கழிக்கிறது இல்ல, உங்க சம்பளத்து மேல ஏத்தி வரி போடுறது! எதுக்கு ஏத்துனாங்கன்னும் இங்கயே போட்டிருக்கு, 'கம்பெனி கார்'னு. எந்தக் காருங்க?" இருவரும் ஜன்னல் வழியாக கராஜைப் பார்த்தோம். விருந்துக்குச் சொல்லிவைத்த விட்பி ஓட்டலுக்கு மீதிப் பணம் கட்ட வேண்டிய மாதம் அது, கில்லி.

முதலாளியிடம் போய்க் கத்தினேன். அவர் பாவம், "நான் என்னப்பா பண்றது, வரி ஆபீஸ்காரங்க அனுப்புற குறியீட்டுப்படிதான் நான் பிடிக்கணும், நானா மாத்த முடியாது. நீயே அவங்ககிட்ட பேசு" என்றார். பேசினேன். முதலில் போனில் காத்திருக்கச் சொல்லி நெடுநேரம் வயலின் வாசித்தார்கள். அப்புறம் மோரக் என்ற ஒரு ஸ்காட்லாந்துக்காரம்மா வந்தாள். தங்கமான மனுஷி.

"அந்தக் கார் உங்க வீட்லதான் நிக்குதுங்களா?"

"நிக்குதும்மா."

"சொந்த வேலைக்கு எடுப்பீங்களா?"

"ஒரே ஒரு தடவை எடுப்பேன். அன்னைக்கு நான் ஓட்ட மாட்டேன், பின்னால படுத்திருப்பேன்."

அப்புறம், "ஐயா, அது என்ன வண்டின்னு கொஞ்சம் சொல்லுங்க" என்றாள். சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேஜைக்காரர்களெல்லாம் என்ன என்ன என்று கேட்பது இங்கே எனக்குக் கேட்டது. மேலதிகாரியிடம் கேட்டுவிட்டு வந்து, இந்த மாதிரி வண்டியை யாரும் உல்லாசத்துக்கு வைத்துக்கொள்வதில்லை, எடுத்துவிடுகிறோம் என்றாள். "இனிமே குறியீடு மாறுனா சும்மா இருக்காதீங்க, எதனால மாறுச்சுன்னு உள்ள படிச்சுப் பாருங்க, தப்புன்னா உடனே சொல்லுங்க" என்று அன்பாகத் திட்டவும் செய்தாள். பழைய 1257L திரும்ப வந்தது. கூடுதலாகப் பிடித்ததெல்லாம் அடுத்த சம்பளத்தோடு சேர்ந்து வந்துவிட்டது. ஓட்டல் பணம் கட்டியாயிற்று. நண்டு உண்டு, வறுத்த மாட்டிறைச்சி உண்டு, இனிப்புக்கு ஷெர்ரி டிரைஃபிள் உண்டு. சாண்ட்விச் கிடையாது. பெவர்லிமேல் கூட எனக்குக் கோபமில்லை. இப்போதெல்லாம் ராத்திரி படுத்தால் விடியும்வரை நல்ல தூக்கம்.

நீயும் ரஸ்ஸலும் கடல் காற்றும் மீனுமாக நெடுங்காலம் சேர்ந்து வாழ வேண்டும். அண்ணியின் முத்தங்கள். பிரெண்டாவும் உன்னை விசாரித்தாள்.

உன் அண்ணன்,
கிளைவ் சட்க்ளிஃப்

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் ரேடியோவில் சொல்லிவிட்டார்கள், சனிக்கிழமை ரயில்காரர்கள் வேலைநிறுத்தமாம். என் கார் மெக்கானிக்கிடம் கிடக்கிறது. மாரீன் செய்த மூன்றடுக்குக் கல்யாண கேக் பஸ்ஸில் ஏறாது. முதலாளிக்குப் போன் போட்டேன். "அட, உன் கராஜ்லயே நிக்குதேப்பா! சனிக்கிழமை யாரும் சொல்லிவைக்கல, எடுத்துட்டுப் போ" என்றார். பின்னால் கேக்கை வைத்துப் பார்த்தோம், அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்தது. ஆனால் இது சொந்த வேலைதானே? திங்கட்கிழமை மோரக்கிடம் உள்ளதைச் சொல்லிவிடப் போகிறேன். "வாயத் தொறந்தீங்கன்னா நான் உங்களோட பேசமாட்டேன்" என்கிறாள் மாரீன். எனவே மறுபடியும் K வரலாம். வந்தால் உங்கள் முதலாம் ஆண்டு நிறைவுக்கு சாண்ட்விச்தான். இன்னொன்று, மாப்பிள்ளைக்கு இதயம் கொஞ்சம் பலவீனம் என்றாயே. சர்ச் வாசலில் நாங்கள் வந்து இறங்குவதற்கு முன்னால் அவரிடம் பக்குவமாகச் சொல்லி வை.