முப்பத்தேழு பூட்டிய கதவுகளும் ஒரு பேய்ப்பட டிரெய்லரும்

"பார்க்கிறவன் ஒருத்தன்கூட ஒரு வாரத்துக்குத் தனியா பாத்ரூம் போகக்கூடாது. அப்படி ஒரு டிரெய்லர் எடுக்கலேன்னா என் பேரை மாத்தி வெச்சுக்கறேன்!" என்று மீட்டர்காரர் சபதம் போட்டார்.

"இருக்கற பேரைச் சொல்லியே ஒருத்தரும் கூப்பிடறதில்ல. புதுசா ஒண்ணு எதுக்கு?" என்றாள் மனைவி. அவள் வாயில் மூன்று குண்டூசி இருந்தது. அப்படியும் சொல் தெளிவாகத்தான் வந்தது.

அவள் சொன்னதில் பொய் இல்லை. குடிநீர் வாரியத்தில் இருபத்திரண்டு வருஷமாக வீடு வீடாக மீட்டர் பார்க்கிறவர் அவர். அவருக்கு ஒரு பெயர் உண்டு என்பது சம்பளப் பட்டியலுக்கு மட்டும் தெரியும். மனைவி வீட்டிலேயே தையல் கடை வைத்திருந்தாள். அவளை ஊரே 'தையலம்மா' என்று மரியாதையாகக் கூப்பிட்டது. இவர் வெறும் மீட்டர்காரர். இந்தக் குறை நெஞ்சில் முள்ளாக உறுத்தித்தான், நாற்பத்தெட்டாம் வயதில் சினிமாப் பயிற்சி மாலை வகுப்பில் மாணவராகச் சேர்ந்தார். கூடப் படித்த சின்னஞ்சிறுசுகள் அங்கே அவரை 'மாமா' என்றன. மீட்டருக்கு மாமா தேவலை என்று பல்லைக் கடித்துக்கொண்டு படித்தார்.

கடைசித் தேர்வுக்கு ஆளுக்கொரு பேய்ப்பட டிரெய்லர். நேரம் இரண்டு நிமிஷம். சிறந்த டிரெய்லரை ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சியில் நிஜத் தியேட்டரில் போடுவார்கள். 'இயக்கம்' என்று போட்டு அதற்குக் கீழே தன் பெயர் திரை அகலத்துக்கு வரும்! நினைத்தாலே மனிதருக்கு ரோமம் சிலிர்த்தது. ஆனால் வாத்தியார் ஒரு கொக்கி போட்டிருந்தார்.

"யார் பார்க்கப் போறாங்கன்னு தெரியாம படம் எடுக்கறது, விலாசம் எழுதாம தபால் போடற மாதிரி. நாற்பது பேரைக் கேளுங்க. யாருக்கு எதுல பயம்னு ஃபாரத்துல எழுதி வாங்கிட்டு வாங்க. அப்புறம்தான் கேமரா."

மீட்டர்காரர் பதினைந்து நாள் லீவு போட்டார். முதல் நாளே அவர் கண் தையல் அறை மேல் விழுந்தது. இருட்டு மூலை, கறுப்பு மிஷின், தலையில்லாத துணிப் பொம்மை. பேய் குடியிருக்க இதைவிட நல்ல இடம் ஏது?

"அந்த ரூமை எனக்கு ஒரு வாரம் ஒழிச்சுக் குடு."

"ஆஸ்பத்திரி நர்சுங்களுக்கு முப்பது யூனிபார்ம். இந்த வாரம் குடுத்தாகணும். ரூமை ஒழிச்சுட்டு மொட்டை மாடியில உக்காந்து தைக்கட்டுமா?"

"கலைக்காக ஒரு தியாகம்கூடப் பண்ண மாட்டியா?"

"உங்களைக் கட்டினதே தியாகம்தான். ஒரு பொம்பளை எத்தனை தியாகம் பண்ணுவா?" கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு அவள் கொஞ்சம் யோசித்தாள். "சரி. உங்க வாத்தியார் சொன்னபடியே ஜனங்களைக் கேளுங்க. நாலு நாள் டயம். தையல் ரூம்தான் பயம்னு ஜனம் சொன்னா, சாவியைக் குடுத்துடறேன். வேற எதையாவது சொன்னா அதைத்தான் எடுக்கணும். சம்மதமா?"

"சம்மதம்!" ஆழம் தெரியாமல் காலை விடுவது அவருக்குக் கைவந்த கலை.

மறுநாள் காலை ஃபாரங்களோடு கிளம்பினார். முதல் வீட்டில் மணியை அடித்தார்.

"மீட்டர் கொல்லைப்பக்கம் இருக்கு," என்றாள் வீட்டுக்காரி.

"மீட்டருக்கு வரலம்மா. பேய் விஷயமா..."

"பேயா? கொல்லைப்பக்கமா?" கதவு படீரென்று சாத்திக்கொண்டது.

இரண்டாவது வீட்டில் ஒரு பெரியவர் உட்கார வைத்துப் பேசினார். "எனக்கு எதுல பயம்னா கேக்கறே? குழாயைத் திறந்தா தண்ணி வராம புஸ்ஸுனு காத்து வருது பாரு, அதுல. எழுதிக்கோ. உங்க ஆபீசுக்கும் ஒரு காப்பி அனுப்பு." மூன்றாவது வீட்டில், "உங்களைப் பார்த்தாத்தான் பயம். போன மாசம் எங்க மீட்டரைப் பார்க்காமலே எழுதிட்டுப் போனீங்களே," என்றார்கள். நான்காவது வீட்டில் நாய் பேட்டி கொடுக்க வந்தது. ஓடிப்போய்ப் பூங்காவில் விழுந்தவர், அங்கிருந்த காவல்காரரைப் பிடித்து எழுதி வாங்கினார். "எனக்குப் பயமே கிடையாது," என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார் அந்த மனிதர்.

மணி பதினொன்று. கையில் மூன்று ஃபாரம். வெயில் மண்டையைப் பிளந்தது.

இந்த இடத்தில் மீட்டர்காரர்களின் தொழில் தர்மம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வீடு பூட்டியிருந்தால் 'கதவு பூட்டு' என்று எழுதிவிட்டு, பழைய மாதங்களின் சராசரியைப் போட்டுவிடலாம். வாரியமே அனுமதிக்கிறது. இருபத்திரண்டு வருஷம் எழுதிப் பழகிய கை சும்மா இருக்குமா? பூங்கா பெஞ்சில் உட்கார்ந்தார். மீதி முப்பத்தேழு ஃபாரத்துக்கும் கதவு பூட்டு. போடு சராசரி! வீட்டு எண்களுக்கா பஞ்சம், அவர் பார்க்கிற தெருவெல்லாம் மனப்பாடம். நான்கு நிறப் பேனா, இடது கை, வலது கை, நடுங்கும் கை என்று வெளுத்துக் கட்டினார். முப்பத்தேழு பேரும் ஒரே குரலில் தையல் அறைதான் பயம் என்றார்கள். காற்று, மீட்டர்காரர், பயமே இல்லை என்ற மூன்று பதிலின் சராசரியில் தையல் அறை எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். அது துறை ரகசியம்.

வேலை ஒரே காலையில் முடிந்துவிட்டது. மீதி மூன்று நாள்? கேமராவைத் தொட முடியாது, அறைச் சாவி கிடைக்காது, ஆபீசும் இல்லை. கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. குட்டி போட்ட பூனை மாதிரி கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தார்.

"என்ன பண்றே?"

"தைக்கிறேன்."

பத்து நிமிஷம். "இன்னுமா தைக்கிறே?"

ஒவ்வொரு பாத்திர மூடியாகத் திறந்தார், மூடினார். ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே உற்றுப் பார்த்தார். நிறவாரியாக இருந்த பித்தான்களை அளவுவாரியாகப் பிரித்துப் போட்டார். "இந்த மூடி எதுக்கு இந்தப் பாத்திரத்து மேல இருக்கு?" என்று ஆராய்ச்சி செய்தார். நர்சுகள் அளவு கொடுக்க வந்தால், தையல் அறைத் திரைக்குக் கீழே இரண்டு பாதம் வந்து நிற்கும். "என் கண்ணாடியைப் பார்த்தியா?" என்று ஒரு குரல் கேட்கும். கண்ணாடி நெற்றியில்தான் இருக்கும்.

ஆச்சரியம் என்னவென்றால் தையலம்மா ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. தன் போனை நூல் டப்பா மேல் சாய்த்து வைத்துக்கொண்டு தைத்தாள். சமையலறைக்குப் போனாலும் டப்பாவும் போனும் கூடவே போயின. காலர் வெட்டுவது எப்படி என்று பார்க்கிறாள் போலிருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

நான்காம் நாள் சாயங்காலம் நாற்பது ஃபாரத்தையும் வெற்றிப் பெருமிதத்தோடு மேஜையில் போட்டார்.

"முப்பத்தேழு பேருக்கும் ஒரே பயமா?"

"ஜனங்க மனசு அப்படி ஒத்துமையா இருக்கு!"

"இந்த இருபத்தாறாம் நம்பர் வீட்டை இடிச்சு ஆறு மாசமாச்சே. அங்க யாரு எழுதிக் குடுத்தது?"

மீட்டர்காரர் அசரவில்லை. "பேய்ப் படம்தானே? ஒரு பேயோட அபிப்பிராயமும் இருந்துட்டுப் போகட்டும்."

"இருக்கட்டும். மத்த முப்பத்தாறு பேரையும் வாத்தியார் தேடிப் போனா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர் முகம் வேர்த்தது. வகுப்பை விட்டே துரத்திவிடுவார். திரை, பெயர், அகலம் எல்லாம் போச்சு. ஃபாரம் கொடுக்க நாளைக் காலைதான் கடைசி. "அம்மாடி, நீதான் காப்பாத்தணும்," என்று நாற்காலியில் சரிந்தார்.

அவள் அளவு நோட்டை எடுத்து வைத்தாள். தோள், இடுப்பு, கை நீளம் என்று எழுதும் வரிசையில் புதிதாக ஒரு பத்தி ஓடியது. தலைப்பு: பயம்.

"உங்க தொழில்ல பார்க்காமலே எழுதலாம். என் தொழில்ல அளவு எடுக்காம வெட்டினா துணி போச்சு. நாலு நாளா அளவு குடுக்க வந்த அத்தனை பேரையும் கேட்டேன். நாற்பத்திரண்டு பேர். பேரு, போன் நம்பர், கையெழுத்து எல்லாம் இருக்கு."

மீட்டர்காரர் படித்தார். 'அவர் லீவு போட்டு வீட்டில் இருப்பது.' 'வீட்டுக்காரர் லீவு.' 'ரிடையர் ஆகி நாலு மாதம்.' 'சமையலறை வாசலில் வந்து நிற்பது.' 'என்ன பண்றே என்று கேட்பது.' பிணவறையில் ராத்திரி டூட்டி பார்க்கிற தலைமை நர்சு மூன்று தடவை அடிக்கோடு போட்டிருந்தாள்.

"என்ன அநியாயம்! இப்படியும் புருஷன்மார் இருக்காங்களா?" என்று அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார்.

"இருக்காங்க. ஒப்பந்தப்படி இதைத்தான் எடுக்கணும்."

"இந்தக் கதைக்கு நடிகனை எங்க தேடுவேன்? யாரு எடுக்கறது, யாரு வெட்டி ஒட்டறது?"

"வெட்டி ஒட்டறதுதானே? இருபது வருஷமா நான் வேற என்ன பண்றேன்? டிரெய்லர் தயாரா இருக்கு. பேய்க்கு வாழ்க்கைப்பட்டா புளியமரம் ஏறித்தானே ஆகணும்."

"அதுல என் பேரு...?"

"பெரிய எழுத்துல போட்டிருக்கேன். நோட்டையும் சேர்த்துக் குடுத்துடுங்க."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன இருந்தாலும் தாலி கட்டினவள்! படத்தைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. காலையில் முதல் ஆளாகப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். மற்றவர்களும் டிரெய்லர் கொடுத்து முடித்த மறுநாளே வாத்தியார் போன் செய்தார். "மாமா, இந்த மாதிரி ஆராய்ச்சியை நான் பார்த்ததே இல்ல. உங்களுதுதான் முதல்!"

ஞாயிற்றுக்கிழமை தியேட்டரில் முதல் வரிசையில் இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்தார். பின்னால் இரண்டு வரிசை முழுக்க நர்சுகள். விளக்கு அணைந்தது. திரையில் மிஷின் ஓடும் சத்தம். ஒரு வாசல். வாசலில் மெதுவாக ஒரு உருவம். எந்த நடிகனோ, அலட்டாமல் நன்றாகச் செய்கிறானே என்று மீட்டர்காரர் ரசித்தார். உருவம் ஒரு மூடியைத் திறந்து மூடியது. பெண்கள் பக்கம் ஒருத்தி "அம்மா!" என்றாள். படத்தில் ஒரு திரைச்சீலைக்குக் கீழே இரண்டு பாதம் வந்து நின்றன. தலைமை நர்சு கண்ணைப் பொத்திக்கொண்டாள். உருவம் திரும்பியது. பனியனில் வலது தோளுக்குக் கீழே ஒரு ஓட்டை. அந்த ஓட்டையை அவருக்கு ஏழு வருஷமாகத் தெரியும்.

அவர் நாற்காலியில் ஒரு அங்குலம் கீழே இறங்கினார். "என்ன பண்றே?" என்றது திரை. அரங்கமே அலறியது. கடைசியாகக் காலண்டர் ஒன்று நெருங்கி நெருங்கி வந்தது. அதன் மேல் எழுத்து விழுந்தது: 'இன்னும் பதினோரு நாள் லீவு பாக்கி.' "ஐயய்யோ!" என்று பெண்கள் வரிசை மொத்தமும் எழுந்து நின்றது. கைதட்டலில் கூரை அதிர்ந்தது.

பெயர்கள் வந்தன. மீட்டர்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். 'இயக்கம்' என்றது திரை. கீழே தையலம்மாவின் பெயர் இருந்தது. அடுத்து 'பேயாக' என்றது. திரை அகலத்துக்கு, கொட்டை எழுத்தில், அவருடைய முழுப் பெயர். அதற்கும் கீழே இன்னும் ஒரு வரி இருந்தது.

'ஒப்பனை: தேவைப்படவில்லை.'