எழுத்து வகுப்பில் ஓர் இடம்

மதரஸாவில் முப்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் குர்ஆன் ஓதினால் தேன்கூட்டில் காதை வைத்த மாதிரி இருக்கும். அந்த இரைச்சலுக்கு மேலே ஒற்றைக் குரல் ஒன்று எழும்பி நிற்கும். அது எக்ஸ்ரேக்காரருடைய குரல். அப்போது அவருக்கு ஏழு வயது. எக்ஸ்ரே என்றால் என்னவென்றே தெரியாது. ஓதுகிற வரிகளில் ஒன்று நாக்குக்கு இனிப்பாக இருந்ததால், "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று உஸ்தாதிடம் கேட்டார்.

"முதல்ல ஓதி முடி" என்றார் உஸ்தாத்.

ஓதி முடித்தார். மறுபடி தொடங்கி மறுபடி முடித்தார். ஐம்பத்தொரு வருஷமாக முடித்துக்கொண்டே இருந்தார். அர்த்தம் வரவில்லை. மொழிபெயர்ப்பு அலமாரியில் இருந்தது, அதையும் படித்திருந்தார். ஆனால் அர்த்தம் ஒரு கரையில், ஓசை மறு கரையில். எந்தச் சொல்லுக்கு எந்தச் சொல் என்று கேட்டால் விழிப்பார்.

முப்பத்திரண்டு வருஷம் ஆஸ்பத்திரியில் "மூச்சை இழுங்க... பிடிங்க... விடுங்க" என்று சொல்லிச் சொல்லி ஊரார் எலும்பையெல்லாம் பார்த்தவர். வீட்டுக்குள் இருந்த ஒரே ஒரு ஆளுக்குள் என்ன ஓடுகிறது என்று மட்டும் பார்க்கத் தெரியாமல் ஓய்வு பெற்றார். அந்த ஆள் அவருடைய மனைவி. உள்ளறையில் மெஷின் போட்டு ஆஸ்பத்திரி நர்சுகளுக்குச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள்.

ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் அவர் உள்ளறை வாசலில் போய் நின்றார்.

"நான் வெளிநாடு போறேன்."

"மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்துடுவீங்களா?"

"பத்து மாசம்."

மெஷின் நின்றது. அவள் காதிலிருந்த ஒயரை எடுத்தாள். ஆறு வருஷமாக அந்த ஒயர் அவள் காதில்தான் இருந்தது. அக்காவோடு ஊர்வம்பு பேசுகிறாள் என்று அவர் முடிவு கட்டியிருந்தார்.

"என்ன விஷயமா?"

"அரபி படிக்க. தீவிரப் பயிற்சி. தினம் ஆறு மணி நேரம்."

"ஆறு மணி நேரமா? நீங்களா? ஒரு பட்டன் தைக்கிற வரைக்கும் சட்டையக் கழட்டிக் கொடுத்துட்டு நிக்க மாட்டீங்களே."

"கிண்டல் வேண்டாம். கண்ணை மூடறதுக்குள்ள இந்த வீட்ல ஒருத்தருக்காவது அர்த்தம் தெரிஞ்சாகணும். யார் குறுக்க நின்னாலும் நான் விடறதா இல்ல."

"ஒருத்தருக்காவது" என்று அவள் மெல்லத் திருப்பிச் சொன்னாள். "நல்ல வார்த்தை. மறந்துடாதீங்க."

ஒயர் மறுபடி காதுக்குப் போனது. இவ்வளவு சுலபமாக முடியும் என்று அவர் நினைக்கவில்லை. அர்த்தம் ஒரு காரணம்தான்; அது பெரிய காரணம். ஈரக்காலோடு நடந்தால் யாரும் கேட்காத ஒரு தரை, பத்து மாசம். அது சின்னக் காரணம். சின்னக் காரணத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

மூன்று பள்ளிகள் கிடைத்தன. ஒன்று பெரிய ஆற்றங்கரை நகரத்தில். ஒன்று மலைமேல், அங்கே இலக்கணத்தை மனப்பாடம் செய்யாதவனுக்குச் சோறு இறங்காது என்று கேள்வி. மூன்றாவது பாலைவன ஓரத்தில். அங்கே முதல் நாளிலிருந்தே சொந்த மொழி பேசத் தடை. வீட்டோடு தொலைபேசி வாரத்துக்கு ஒரு முறை. படித்துப் பார்த்ததுமே எக்ஸ்ரேக்காரரின் நெஞ்சு அந்த மூன்றாவதன் பக்கம் சாய்ந்துவிட்டது.

"பத்து மாசம் தமிழே பேசக் கூடாதாம்" என்றார், வருத்தப்படுகிற குரலில்.

"வீட்லயும் 'ம்' தவிர என்ன பேசறீங்க? கஷ்டம் தெரியாது."

ஆனாலும் அவள் துணி வெட்டுகிற பெரிய காகிதத்தை விரித்து, தையல் சாக்கட்டியால் கட்டம் போட்டாள். பள்ளிக்கு ஒரு வரிசை. பாட நேரம், ஆசிரியர் எண்ணிக்கை, பள்ளிவாசல் தூரம் என்று ஒவ்வொன்றாக எழுதினாள். எட்டாவது கட்டத்தில் 'பெண்கள் விடுதி' என்று எழுதியபோது அவர் துணுக்குற்றார்.

"இது எதுக்கு?"

"இருக்கா இல்லையான்னு தெரிய வேண்டாமா?"

ஐம்பத்தெட்டு வயதில் தன்மேல் சந்தேகம்! அவருக்கு லேசாகப் பெருமையாகக்கூட இருந்தது. "இருந்தா இருக்கட்டும். நான் தலை நிமிர்ந்தே பார்க்க மாட்டேன்" என்றார்.

ஒன்பதாவது கட்டம்: 'அண்ணன் வீடு எவ்வளவு தூரம்'. அவள் அண்ணன் ஆற்றங்கரை நகரத்தில் பஸ் பணிமனையில் மெக்கானிக். சரிதான், வேவு பார்க்க ஆள் வைக்கிறாள்! மறுத்தால் குற்றவாளி ஆகிவிடுவோம். அதனால் முந்திக்கொண்டு, "மச்சான் பக்கத்துல இருக்கறதுதான் எனக்கும் நிம்மதி" என்றார்.

இப்படித் தன் யோக்கியத்தனத்தைக் கட்டம் கட்டமாக நிரூபித்து, பாலைவனத்தைக் கைநழுவ விட்டு, ஆற்றங்கரையில் வந்து நின்றார்.

விண்ணப்பத்தைக் கணினியில் அவள்தான் நிரப்பினாள். 'வாசிப்புத் திறன்' என்ற இடத்தில் "'மிகச் சிறப்பு'ன்னு போடு" என்றார். போட்டாள்.

"கூடவே குடும்பத்துல இன்னொருத்தர் பேரும் சேர்க்கலாமாம். என் பேரப் போடவா?"

அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "ம்" என்றார்.

நேர்முகத் தேர்வு திரை வழியாக நடந்தது. எக்ஸ்ரேக்காரர் வெள்ளைச் சட்டை போட்டு, முகத்தைத் திரைக்கு நேராகவும் மூச்சை அடக்கியும் வைத்துக்கொண்டார். திரையில் தாடி நரைத்த ஆசிரியர் ஏதோ கேட்டார். கேள்வி புரியவில்லை. ஆனால் அது அரபி. அரபி காதில் விழுந்தால் இவர் வாயிலிருந்து அரபி வரும். ஐம்பது வருஷப் பழக்கம். கண்ணை மூடி, குரலை எழுப்பி, ஓர் இடத்திலிருந்து ஓதினார்.

ஆசிரியர் அசந்துபோனார். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று கேட்டார். இவர் இன்னோர் இடத்திலிருந்து ஓதினார். ஆசிரியர் எழுந்து போய்ப் பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேரைக் கூட்டி வந்தார். மூன்று பேரும் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்குமேல் என்ன வேண்டும்?

இவ்வளவு நேரம் கதவோரம் நின்றிருந்த மனைவி அப்போது டீயோடு வந்தாள். ஆசிரியர் அவளிடம் ஏதோ சொன்னார். அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு ஏதோ பதில் சொன்னாள். ஆசிரியர் சிரித்தார். அவள் இன்னும் சொல்லிக்கொண்டே போனாள். மூன்று பேரும் சிரித்தார்கள்.

"என்ன சொன்னே அவங்ககிட்ட?"

"டீ ஆறிடும்னேன்."

டீ ஆறிடும் என்பதற்கு அரபியில் ஏன் இருபது நிமிஷம் ஆகிறது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஓதிய மகிழ்ச்சியில் தோன்றவில்லை.

பத்து நாளில் கடிதம் வந்தது. அவள் வாசித்துச் சொன்னாள்.

"ஐயாவோட ஓதலை நாங்க மறக்க மாட்டோம். பதிவு பண்ணி அனுப்பினா எங்க மாணவர்களுக்குப் போட்டுக் காட்டுவோம்..."

"பாத்தியா! எந்த வகுப்பு?"

"எழுத்து வகுப்பு. அலிஃப், பே."

"எனக்கா?"

"அதுலயும் இடம் இல்லையாம். ரெண்டு வருஷம் காத்திருக்கணும்."

அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "அவங்க கேட்ட கேள்விக்கெல்லாம் நான் பதில் சொன்னேனே!"

"உங்களுக்கு எத்தனை பிள்ளைங்கன்னு கேட்டாங்க. நீங்க எறும்புக் கூட்டத்தப் பத்தி ஓதினீங்க. ஏன் படிக்க ஆசைன்னு கேட்டாங்க. பயணத்துல தண்ணி கிடைக்கலேன்னா எப்படிச் சுத்தம் பண்ணிக்கறதுன்னு ஓதினீங்க. எல்லாம் அழகாத்தான் இருந்தது."

"உனக்கெப்படித் தெரியும்?"

"ஆறு வருஷமா பாடம் கேக்கறேன்" என்று காதைத் தொட்டுக் காட்டினாள். "தைக்கும்போது கை மட்டும்தானே வேலை பார்க்குது."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"ரெண்டு தடவை சொன்னேன். ரெண்டு தடவையும் 'ம்'னீங்க." கடிதத்தின் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். "எனக்கு நாலாம் நிலையில இடம் கொடுத்திருக்காங்க. விடுதியும் உண்டு."

அன்று மாலை எக்ஸ்ரேக்காரர் மேல்வீட்டு மருந்துக் கடைக்காரரிடம் போய் அழாத குறையாகச் சொன்னார்.

"நீ வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னா அவங்க போக மாட்டாங்கப்பா" என்றார் மருந்துக் கடைக்காரர். "சொல்லிட்டு வா. மாத்திரை ஏதாவது வேணும்னா அப்புறம் பாத்துக்கலாம்."

இறங்கி வந்து சொன்னார். "பொம்பளை தனியாப் போய் எப்படி இருப்பே?"

"அண்ணன் வீடு பத்து நிமிஷம். கூட்டிட்டுப் போகவும் அண்ணனே வர்றார். நீங்கதானே நிம்மதின்னு சொன்னீங்க?"

"நான்... இந்த வீட்ல..."

"ஒருத்தருக்காவது தெரிஞ்சாகணும்னீங்க. யார் குறுக்க நின்னாலும் விடறதா இல்லேன்னீங்க. நீங்களே குறுக்க நிக்கறீங்களே."

அவரிடம் மூச்சு மட்டும்தான் மீதி இருந்தது, அதையும் பிடித்துக்கொண்டார்.

விடியற்காலையில் ஓத உட்கார்ந்தார். நாலு வரி போனதும் குரல் நின்றது. வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் வாயிலிருந்து வருவதைத் தானே கேட்டார். யாரோ வேறொருவர் வீட்டுக்கு வந்த கடிதத்தை இத்தனை வருஷம் உரக்கப் படித்துக்கொண்டிருந்தது போல் இருந்தது. உள்ளறையில் அவள் பெட்டி அடுக்குகிற சத்தம் நின்றது. வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"என்னங்க, ஏன் நிறுத்திட்டீங்க?"

"ஏழு வயசுல ஒரு வரிக்கு அர்த்தம் கேட்டேன். இன்னிக்கு வரைக்கும் யாரும் சொல்லல."

"எந்த வரி? நான் சொல்லட்டுமா?"

அவள் கண்ணில் கேலி இல்லை. கேலி இருந்திருந்தால் தாங்கியிருப்பார். "வேண்டாம்" என்றார். "கேட்டுத் தெரிஞ்சுக்க மாட்டேன். நானே படிச்சுத் தெரிஞ்சுக்கறேன். எனக்கு ஒரு வாத்தியார் கிடைக்காமலா போயிடுவார்?"

"கிடைப்பாங்க. அதுக்கு அவங்க முதல்ல போய்ப் படிச்சுட்டு வர வேண்டாமா?"

அவர் யோசித்தார். நியாயமாகத்தான் பட்டது. "ம்" என்றார்.

புதன்கிழமை அவள் அண்ணனோடு விமானம் ஏறினாள். எக்ஸ்ரேக்காரர் முதல் வாரம் முழுக்க ஈரக்காலோடு வீடெல்லாம் நடந்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது வாரத்திலிருந்து அவரே மிதியடியில் காலைத் துடைக்க ஆரம்பித்தார்.

அவள் படிப்பை முடித்துத் திரும்பிவந்தாள். அந்தப் பள்ளி திரை வழி நடத்துகிற எழுத்து வகுப்புக்கு அவளையே ஆசிரியையாக வைத்துக்கொண்டது. இரண்டு வருஷம் காத்திருந்து அவருக்கும் அதில் இடம் கிடைத்தது. அவள் உள்ளறையில் இருந்து நடத்த, அவர் முன்னறையில் இருந்து படித்தார். முதல் தேர்வில் நூற்றுக்கு முப்பத்தொன்று வாங்கினார். மறுதிருத்தத்துக்கு விண்ணப்பித்தார், அதில் இரண்டு மதிப்பெண் குறைந்தது.